ரொட்டி மாவில் எடுத்த பல் அச்சு

பயப்படுவதற்கு ஒரு பரிசு வைத்தால் எங்கள் தோட்டத்தில் அதை வேறு யாரும் என்னிடமிருந்து பறித்திருக்க முடியாது. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப் சத்தத்துக்குப் பயம், தேயிலை மலைக்கு மேலே திடீரென்று இறங்கும் மூடுபனிக்கும் பயம். ஆனால் வெளியில் கேட்டுப் பாருங்கள், என்னைப் போல தைரியசாலி இல்லை என்பார்கள். காரணம் என் வாய். நோர்வூட்டில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. லுங்கிச் சாரத்தை உதறி விரித்துப் பேச ஆரம்பித்தேன் என்றால், ஊசி வாங்க வந்தவர் வேட்டியோடு போவார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைக்கும் என் கையில்தான். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்வரை பயம் பின்னால் நிற்கும். பேச்சு நின்றால் அது முன்னால் வந்துவிடும். அதனால் நான் பேச்சை நிறுத்துவதே இல்லை.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே மகள், தன் ஒன்பதாவது வயதில் வாயை மூடிக்கொண்டாள்.

நடந்தது சின்ன விசயம். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டு லயத்துக்குக் கீழே பீலி இருக்கிறது. மலையிலிருந்து வரும் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும், அடியில் சீமெந்துக் கட்டு. மழைக்காலத்தில் அந்தக் கட்டில் பாசி படிந்து கண்ணாடி மாதிரி இருக்கும். குடத்தோடு போனவள் வழுக்கி, முகம் அடிபட விழுந்தாள். குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் வரிசையில் முன்பல் ஒன்று, முளைத்து நிமிர்ந்து நின்ற நிரந்தரப் பல், வேர்வரை உடைந்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் மிச்சத் துண்டையும் எடுத்துவிட்டார்கள்.

இரத்தம் ஒரு நாளில் நின்றது. பேச்சும் கூடவே நின்றது. அதுவரை லயத்தில் எல்லார் வீட்டு விசயத்தையும் எல்லார் வீட்டுக்கும் சொல்லித் திரிந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒருவன் அவளைப் பார்த்து, வாயில் ஜன்னல் வைத்திருக்கிறாள் என்றானாம். அன்றிலிருந்து வலது கை வாய்க்கு மூடியானது. சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தபடி பேசாமல் நிற்பாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

பேசாத வீட்டில் இருப்பது எனக்கு இருட்டில் இருப்பது மாதிரி. நான் எல்லா வேடிக்கையும் காட்டிப் பார்த்தேன். தொரை மாதிரி நடந்தேன், மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு மாதிரி அதட்டினேன். கைக்குப் பின்னால் கண் மட்டும் சிரிக்கும். பிறகு அதுவும் நின்றது.

டவுனில் இருந்த பல் டாக்டர் சிங்களவர், தமிழ் பாதி பேசுவார். ஓட்டையை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடும் என்றார். வளர்ந்த பிறகு நிரந்தரமாக வேறு ஏதாவது செய்யலாம், அதுவரை அண்ணத்தில் ஒட்டி நிற்கிற மாதிரி ஒரு பிளேட், அதில் ஒரு பொய்ப்பல். கழற்றலாம், கழுவலாம், மாட்டலாம். அதற்கு முதலில் வாயின் அச்சு எடுக்க வேண்டும். ஒரு தட்டில் மா மாதிரி ஒன்றைக் குழைத்து நிரப்பி, வாய்க்குள் அமத்திப் பிடித்து, இறுகினதும் எடுப்பது.

மா என்றால் எப்படி மா என்று கேட்டேன். அவர் யோசித்தார். நமக்கு விளங்க வேண்டுமே என்று நல்ல மனதோடு சொன்னார், ரொட்டி மா மாதிரி.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த கிழமை கூட்டி வாருங்கள் என்றார், வந்துவிட்டோம். ஆனால் பஸ்ஸில் வரும்போது என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அது வலிக்குமா என்று. தகப்பன் என்றால் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதில் தேடிப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி தேங்காய்ப்பூ போட்டு ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். அவள் மலையில் கொழுந்து எடுக்கிறவள். கால் விரலுக்கிடையில் அட்டை கடித்துக்கொண்டிருந்தாலும் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகுதான் குனிந்து பார்ப்பாள். நான் சோறு போடுகிற பெரிய கரண்டியைக் கழுவி எடுத்தேன். அதில் ஒரு பிடி மாவை அமத்தி வைத்தேன். மகளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன்.

“என்னாங்க செய்யப் போறீங்க?” என்றாள் மனைவி.

டாக்டர் செய்யப் போவதை நான் இப்போதே செய்து காட்டப் போகிறேன், பிள்ளைக்குப் பயம் தெளிந்துவிடும் என்று விளக்கினேன். திருவிழா மைக்கில் பேசுகிற குரலிலேயே விளக்கினேன். அப்புறம் வாயைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டு மேல் வரிசையில் அழுத்தினேன்.

ரொட்டி மா இறுகாது. அது எனக்கு அப்போது தெரியாது. அமத்தினால் வழிவிட்ட பக்கம் போகும், என் வாயில் வழிவிட்ட பக்கம் தொண்டை. கரண்டியை இழுத்தால் கரண்டி மட்டும் வந்தது. மா அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. உதவி என்று கத்தப் பார்த்தேன், வாய் நிறைய மா. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச முடியவில்லை. பின்னால் நின்ற பயம் அத்தனையும் ஒரே மூச்சில் முன்னால் வந்தது. வாசல் பக்கத்து இஸ்தோப்புக்கு ஓடினேன், திரும்பி அடுப்படிக்கு ஓடினேன், தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிட்டேன். கண் பிதுங்கி, மூக்கு வழியாகத் தேங்காய்ப்பூ வந்தது. கடைசியில் மனைவி என் முதுகில் விட்டாள் ஒரு அடி. கொழுந்துக் கூடை தூக்குகிற கை. உருண்டை முழுசாக வெளியே விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை நானும் சிரிப்பது மாதிரி இருமிக்கொண்டிருந்தேன். என் மனைவி அந்த மா உருண்டையை எடுத்துப் பார்த்தாள். அதில் என் பல் வரிசை அழகாகப் பதிந்திருந்தது, பக்கத்துப் பல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கோரைப்பல் உட்பட. அச்சு நல்லாத்தான் வந்திருக்கு என்று சொல்லிக் கோழிக்குப் போட்டாள். கோழி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்போதுதான் மகளைப் பார்த்தேன். உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வாயின் மேல்.

அடுத்த கிழமை டவுனுக்குப் போனோம். தட்டைக் கண்டதும் அவள் பற்களைக் கடித்துக்கொண்டாள். தாதி கெஞ்சினார், டாக்டர் பொம்மை காட்டினார். மாவைக் குழைக்கிற சத்தம் கேட்டதும் குமட்டி, காலையில் தேத்தண்ணியில் தொட்டுத் தின்ற பாணை அவர் மேசைமேல் எடுத்துவிட்டாள். அந்த மனிதர் கோபப்படவில்லை. பிள்ளையின் வாயைப் பலவந்தமாகத் திறந்து அச்சு எடுக்க மாட்டேன், மனம் ஆறட்டும், பிறகு வாருங்கள், ஆனால் அதிகம் தள்ளிப் போடாதீர்கள், பற்கள் காத்திருக்காது என்றார். திரும்பி வரும்போது பஸ் முழுக்க நான் பேசவில்லை. கண்டக்டர் எனக்குச் சுகமில்லையா என்று கேட்டார்.

கொழும்பில் வேலை செய்கிற என் மச்சினன், மனைவியின் தம்பி, போனில் ஒரு வழி சொன்னான். அவன் வேலை செய்யும் கடைக்குப் பக்கத்தில் ஒரு பல் கிளினிக்கில் புதிதாக ஒரு கெமரா வந்திருக்கிறதாம். வாய்க்குள் விட்டுப் படம் பிடித்தால் பல் வரிசை அப்படியே கம்பியூட்டரில் வந்துவிடுமாம். “மாவும் இல்ல, கீவும் இல்ல மச்சான். கல்யாண வீட்டுல போட்டோ புடிக்கிற மாதிரி” என்றான்.

நான் இதை வீட்டில் சொன்னபோது மனைவி நம்பவில்லை. வாயைத் திறக்கிறதுக்குக் கொழும்பு வரைக்கும் போகணுமா என்றாள். அவள் சொல்லாமல் விட்டது எனக்கும் தெரியும். யுத்தம் முடிவதற்கு முந்திய காலம் அது. மலையகத்து விலாசம் போட்ட அடையாள அட்டையோடு கொழும்புக்குப் போய், விசாரணைக்கென்று கூட்டிப் போகப்பட்டு, நாட்கணக்கில் உள்ளே இருந்து வந்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருந்தார்கள். அவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அதுதான் பயம். எனக்கு ஒரு பக்கம் சோதனைச் சாவடி, இன்னொரு பக்கம் ரொட்டி மா. உண்மையைச் சொன்னால் மாவுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகப் பயந்தேன்.

மா இல்லையா என்று கேட்கிற மாதிரி மகள் என்னைப் பார்த்தாள். இல்லை என்றேன். போகலாம் என்று தலையாட்டினாள். அதோடு முடிவாகிவிட்டது.

கொழுந்து நிறைந்த காலம், மனைவிக்கு வர முடியாது. ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். எங்களை பஸ் ஏற்றிவிடும்போது என் சட்டைக் கொலரை நேராக்கிவிட்டாள். மகளிடம் சொன்னாள், “அப்பாவ பாத்துக்க.”

அட்டன் ஸ்டேஷனில் கொழும்புக் கோச்சி ஏறினோம். அந்தக் காலத்தில் ரயிலில் ஆளில்லாத பையைக் கண்டால் குண்டோ என்று ஈரக்குலை நடுங்கும். றொசல்ல ஸ்டேஷன் தாண்டியதும் நான் குனிந்து பார்க்கிறேன், இருக்கைக்கு அடியில் ஒரு துணிப்பை. யாருடையது என்று பக்கத்தில் கேட்டேன், தெரியாது என்றார்கள். எழுந்து, மகள் கையைப் பிடித்து இழுத்து, பெட்டியின் மறுகோடிக்கு நடந்தேன். பின்னால் நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள். இறங்குவதா, செயினைப் பிடித்து இழுப்பதா என்று ஒரு பெரியவர் கேட்டார். என் மகள் என் சட்டையை இழுத்தாள். குனிந்தேன். கையை வாயிலிருந்து எடுக்காமலே காதில் சொன்னாள்.

“அப்பா, அது நம்ம ரொட்டிப் பை.”

திரும்பி நடந்து வந்து உட்காரும்போது யாரையும் பார்க்கவில்லை. பெரியவர் மட்டும் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையிறங்கும் அந்தப் பாதையில் சுரங்கங்கள் வரும். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்டி இருட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் ஹூ என்று கூவுவார்கள். சிங்களவர், தமிழர், பிள்ளை, கிழவன் என்று இல்லை. வெளிச்சம் வரும்வரை கூவல். மற்றவர்கள் குஷியில் கூவுவார்கள், நான் இருட்டுப் பயத்தில் கூவுவேன். வெளியில் வித்தியாசம் தெரியாது. முன்பெல்லாம் பெட்டியிலேயே பெரிய சத்தம் என் மகளுடையதாக இருக்கும். அன்று பக்கத்தில் அவள் சத்தத்தைத் தேடினேன். வாயை மூடியபடி மூக்கால் ம்ம்ம் என்று ஊதிக்கொண்டிருந்தாள், மூடி போட்ட பானைக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. வெளிச்சம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் மச்சினன் வந்து நின்றான். அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி வெளியே வந்தோம். மிச்சமிருந்த ரொட்டியை ஒரு பொலிஸ்காரர் முகர்ந்து பார்த்தார். நான் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை மச்சினன் கவனித்து, மச்சானுக்குப் பல் வலியா என்று கேட்டான்.

கிளினிக்கில் டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், நடுத்தர வயது. மெதுவாகப் பேசுவார். கெமரா பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அது பெரியவர்களின் பல்லுக்குத் தொப்பி செய்கிறதற்கு வாங்கினது, பிள்ளைகளின் பிளேட்டுக்கு இன்னும் தோது இல்லை என்றார். என் முகம் விழுந்ததைப் பார்த்தாரோ, என் மகளின் கையைப் பார்த்தாரோ தெரியாது. “சரி, பிள்ளை ஆசைப்பட்டால் ஒருக்கால் பாப்பம்” என்றார்.

மச்சினன் சொன்ன கல்யாண வீட்டு போட்டோ அது இல்லை. கெமராவின் தலை டோர்ச் லைட் அளவு தடிப்பு. படம் தெளிவாக விழ, பற்களுக்கு முதலில் வெள்ளைத் தூள் விசிற வேண்டுமாம். தூளைக் கண்டதுமே எனக்குத் தும்மல் வந்தது. மகள் வாய் திறந்தாள், அது பெரிய விசயம். கெமரா முன்பல் பக்கம் நின்றவரை பொறுத்தாள். திரையில் அவள் பற்கள் துண்டு துண்டாக வர ஆரம்பித்தன. நான் மச்சினன் முதுகில் தட்டினேன். பிறகு கெமரா உள்ளே போனது. கடைவாய்ப் பக்கம் போனதும் அதன் தலை அண்ணத்தில் இடித்தது. அவள் குமட்டினாள், தலையை ஆட்டினாள். திரையில் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், உடைந்த கோப்பையைத் தவறாகப் பொருத்தின மாதிரி நின்றன.

டாக்டர் உடனே நிறுத்திவிட்டார். திட்டவில்லை. கெமராவைத் துடைத்து வைத்துக்கொண்டே எங்களுக்கு விளக்கினார். இது ஒரு பல், இரண்டு பல் என்றால் நன்றாகச் செய்யும். ஆனால் முழு வாயையும் படம் பிடிக்க நெடுநேரம் ஆடாமல் இருக்க வேண்டும். இந்தப் பிளேட் அண்ணத்தோடு ஒட்டி நிற்க வேண்டியது, இந்த மெசினால் அதைச் செய்ய முடியாது. ஒரு காலம் வரும், பிள்ளைகளின் வாய்க்கேற்ற சின்னக் கெமரா வரும், அப்போது மாவைத் தூக்கிப் போட்டுவிடலாம். இன்றைக்கு மா தான் சுகம், அதுதான் கெதியில் முடியும்.

மா என்ற சொல் வந்ததும் மகளின் கை மேலே போனது.

டாக்டர் அவள் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏன் பயம் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைக்குப் பின்னாலிருந்து என் மகள் சொன்னாள்.

“அப்பா வாயில வச்சாரு. செத்துப் போகப் பாத்தாரு.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் கரண்டி, மா, தேங்காய்ப்பூ, முதுகில் அடி எல்லாவற்றையும் சொன்னேன். கோழியைக்கூட விடவில்லை. அவர் முகக்கவசத்துக்குள் சிரித்தது தோளில் தெரிந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்.

“பிள்ளைக்குப் பயம் இல்லை ஐயா. உங்கட பயத்தைத்தான் வச்சுக்கொண்டு இருக்கிறா. முதல்ல நீங்கள் கதிரையில ஏறுங்கோ.”

நான் சிரித்தேன். வேடிக்கை என்று நினைத்தேன். அவர் நோயாளிகள் சாய்கிற கதிரையைத் தட்டிக் காட்டினார். மச்சினனைப் பார்த்தேன், அவன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். மகளைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே கண்ணால்.

ஏறினேன். பயத்தை மறைக்க, இந்தக் கதிரையின் விலை என்ன, துணிக்கடைக்கு ஒன்று வாங்கினால் வியாபாரம் கூடும் என்றெல்லாம் பேசினேன். டாக்டர் கேட்டுக்கொண்டே துளை போட்ட உலோகத் தட்டு ஒன்றை வெறுமனே என் வாயில் வைத்து அளவு பார்த்தார். ரப்பர்க் கிண்ணத்தில் ரோஸ் நிறத் தூளைப் போட்டு, தண்ணீர் விட்டுக் குழைத்தார். இது கடல்பாசியிலிருந்து செய்கிற மா, ரொட்டி மா இல்லை, இது வழியாது, இறுகும், இறுகினதும் தானே கழண்டு வரும் என்று மகளைப் பார்த்துச் சொன்னார். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தால் கெதியில் இறுகும் என்று அவள் விரலால் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்.

“தலையை முன்னுக்குச் சரியுங்கோ. மூக்கால மூச்சு விடுங்கோ.”

தட்டு உள்ளே வந்தது. குளிர்ச்சி, புதினா மாதிரி ஒரு வாசம். பின்பக்கம் முதலில் அமர்ந்தது, பிறகு முன்பக்கம். என் வாய் நிறைந்துவிட்டது.

பேச்சு நின்றது. வந்துவிட்டது அது.

அந்த நேரத்தில் நான் நினைத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். டாக்டரின் கையைத் தட்டிவிட்டு ஓடினால் கதவு எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டேன். வாயில் தட்டோடு தெருவில் ஓடினால் பொலிஸ் பிடிக்கும், பிடித்தால் பேர் கேட்கும், பேர் சொல்ல வாய் வராது. என்னைப் புதைக்கும்போது இந்தத் தட்டோடு புதைப்பார்களா என்றும் நினைத்தேன். தொண்டை தானாக மேலே ஏறியது. கதிரையின் கைப்பிடியை நான் பிடித்த பிடியில் அது கிறீச்சிட்டது. ஒரு காலைத் தூக்கிப் பிடியுங்கோ, அதிலயே நினைவை வையுங்கோ என்றார் டாக்டர். தூக்கினேன். கால் காற்றில் ஆடியது.

என் கையின் மேல் ஒரு சின்னக் கை வந்தது. வாயை மூடியிருக்கும் கை அது.

“அப்பா, சுரங்கம் வந்திருச்சு. மூக்கால ஊதுங்க.”

ம்ம்ம் என்று ஆரம்பித்தாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நானும் ஊதினேன், ம்ம்ம். ஊதும்போது குமட்ட முடியாது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன். மூச்சு போய்க்கொண்டே இருக்கிறது, தொண்டைக்கு வேலை கிடைத்துவிடுகிறது. ஒரு நடுத்தர வயது ஆம்பிளையும் ஒரு பிள்ளையும் கொழும்பில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து வண்டு மாதிரி ஊதிக்கொண்டிருந்தோம். வெளியில் காத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நான் கண்ணை மூடிக்கொண்டு, இந்த இருட்டு முடியும், எல்லாச் சுரங்கமும் முடிந்துதான் இருக்கிறது என்று ஊதினேன்.

டாக்டர் உதட்டை ஒதுக்கி ஒரு இழு இழுத்தார். பொக்கென்று ஒரு சத்தம். வெளிச்சம்.

நான் என்ன சொல்வது என்று தேடுவதற்குள் மகள் தட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ் நிற மாவில் என் பற்கள் ஒவ்வொன்றும் குழியாக இருந்தன. ஏறி உட்கார்ந்த கோரைப்பல்லின் குழியில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு தானாகவே கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். சின்னத் தட்டு, கொஞ்ச மா. உள்ளே போனதும் அவள் கண்ணில் நீர் கோர்த்தது, ஒரு தடவை தோள் குலுங்கியது. காலைத் தூக்கினாள், ஊத ஆரம்பித்தாள். நான் கூட ஊதினேன். மச்சினனும் ஊதினான், டாக்டரும் மெதுவாக ஊதினதாக எனக்கு ஒரு சந்தேகம். ஒரே தடவையில் அச்சு வந்துவிட்டது.

அச்சில் வெள்ளைச் சாந்து ஊற்றினார்கள். மகளுடையது பிளேட் செய்ய அங்கேயே தங்கியது. செய்து முடித்தால் மச்சினன் சொல்வான், மாட்டிப் பார்க்க இன்னொரு தடவை வர வேண்டும். என்னுடையதை, காய்ந்ததும், டாக்டர் பழைய பேப்பரில் சுற்றி மகளிடம் கொடுத்தார். அவள் அதை ரொட்டிப் பையில் வைத்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மச்சினனும் கடைக்குத் திரும்பிவிட்டான்.

பின்நேர ரயிலுக்குக் கோட்டைக்கு வந்தோம். உள்ளே போகிற வாசலில் மேசை போட்டு சோதனை. இளம் சிப்பாய் ஒருவன் அட்டையைப் பார்த்தான், விலாசத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பையில் கையை விட்டான். பேப்பர்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

வெள்ளையாக ஒரு மனிதனின் மேல்வரிசைப் பல்.

கையை உதறினான். பல் மேசையில் விழுந்து உருண்டது. வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். அவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து முன்னுக்கு எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

நோர்வூட் கடையில் நான் சிங்களத்தில் சண்டை பிடிப்பேன், சமாதானம் செய்வேன், ஒரு சாரத்தை இரண்டு சாரமாக விற்பேன். அன்று ஒரு சொல் வரவில்லை. வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நிறைந்திருந்தது. அவன் மறுபடி கேட்டான். இன்னொருவன், மூத்தவன், நடந்து வந்தான். விசாரணைக்குப் போய் வந்து பேசாமல் இருக்கும் எங்கள் தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக என் கண்ணுக்குள் வந்து போனார்கள். முழங்கால் தன் பாட்டில் மடிய ஆரம்பித்தது. பிள்ளை இருக்கிறாள், பிள்ளை இருக்கிறாள் என்று மட்டும் நினைத்தேன்.

மகள் மேசைக்குக் கிட்டப் போனாள். கையை வாயிலிருந்து எடுத்தாள். சிப்பாயின் முகத்துக்கு நேராகத் தலையை உயர்த்தி, டவுனில் தாதி கெஞ்சியும் திறக்காத வாயை, ஆ என்று முழுசாகத் திறந்து காட்டினாள். ஓட்டையை விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில், ஓட்டை வழியாகக் காற்று விசிலடிக்க, சத்தமாகச் சொன்னாள். இது அப்பாவுடைய பல், என்னுடையதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மூத்தவன் சாந்துப் பல்லை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். என்னிடம் வாயைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். அன்று இரண்டாவது தடவை முன்பின் தெரியாத ஒருவர் என் வாய்க்குள் குனிந்து பார்த்தார். சாந்திலிருந்த கோரைப்பல்லையும் என் கோரைப்பல்லையும் மாறி மாறிப் பார்த்தான். அடையாள அட்டையை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. பிறகு இளையவனிடம் ஏதோ சொன்னான். இளையவன் முகம் திருப்பிச் சிரித்தான். பல்லைப் பேப்பரில் சுற்றி அவளிடமே கொடுத்தார்கள்.

பெட்டியில் உட்கார்ந்து ரயில் நகரும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமா இருந்திச்சா என்று கேட்டேன். நான் கேட்டது அவளை. அவள் யோசித்துப் பார்த்து, “ஒங்களப் பாத்ததும்தான் பயம் வந்திச்சு” என்றாள். கை மடியில் இருந்தது. சுரங்கங்களில் அவள் வாய் திறந்து கூவினாள். விசில் கலந்த கூவல். திரும்பிப் பார்த்தவர்களை அவள் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். கொழும்பிலிருந்தே நான் சொல்ல வேண்டிய விதத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதில் நான் கொஞ்சம் நல்லவிதமாக இருந்தேன். ஆனால் வாயைத் திறப்பதற்குள் மகள் ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்றையும் விடவில்லை. ரொட்டிப் பைக்குப் பயந்து பெட்டி மாறியது, கதிரையில் என் கால் ஆடியது, ஆமிக்காரன் முன்னால் என் முழங்கால் மடிந்தது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். சொல்லுக்குச் சொல் விசில் வந்தது. கை வாய்ப்பக்கம் போகவில்லை, என்னைப் போல நடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. அவளுடைய அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் மூலையில் உட்கார்ந்து, இன்னும் என்ன மிச்சமிருக்கிறது, அதையும் சொல்லிவிடுவாளோ என்று பயந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லில் ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. யாரும் எழும்பவில்லை.